கடல்மட்டத்துக்கு மேல்

எங்கள் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சு
பாதி புதைந்திருக்கிறது.
அகலப் பாதை வந்த வருஷம்
நடைமேடையை உயர்த்தினார்கள்.
பெஞ்சைப் பெயர்த்தெடுக்க
ஒப்பந்தத்தில் வரி இல்லை போல.
சுற்றிலும் மண் கொட்டி
சிமெண்டு பூசிவிட்டுப் போனார்கள்.
உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொடும்.
மீட்டர் கேஜ் உயரத்தில் இருந்துகொண்டு
இன்றைய வண்டியை அண்ணாந்து பார்க்கலாம்.

வரலாறு என்று கேட்டால் அதுதான்.
கல்வெட்டெல்லாம் கிடையாது.
கேட் இருந்தது, மூடினார்கள்.
சுரங்கப்பாதை வந்தது,
ஐப்பசி வந்தால் அது குளம்.
அப்போது
‘தண்டவாளத்தைக் கடப்பது குற்றம்’ பலகையைப்
பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறோம்,
வழுக்காமல் இருக்க.

மஞ்சள் பெயர்ப்பலகையின் அடியில்
பொடி எழுத்தில்:
கடல்மட்டத்துக்கு மேல் பதினொரு மீட்டர்.
பெருவெள்ளத்தின்போது தண்ணீர்
பலகையின் கால்வரை வந்து
சரிபார்த்துவிட்டுப் போனது.

வசதிகள்:
குழாய் நான்கு, ஒன்றில் தண்ணீர் வரும்.
கழிப்பறை உண்டு, பூட்டு உண்டு.
சாவி ஸ்டேஷன் மாஸ்டர் அறையில்,
ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனில்.
பெண்கள் பெட்டி நிற்கும் இடத்தில் மட்டும்
தரை வழவழவென்றிருக்கும்.
அங்கே எந்தக் குறியும் போடத் தேவைப்படவில்லை.

அப்புறம் தேவசகாயம்.
முப்பத்தாறு வருஷம் கார்டு.
பச்சைக்கொடி அசைத்த கை இப்போது
டிக்கெட் மெஷின் கண்ணாடியில்
ஊர் ஊராய்த் தொடுகிறது.
நூறு ரூபாய்க்கு மூன்று ரூபாய் கமிஷன்.
யாரையும் எங்கே என்று கேட்கமாட்டார்.
சீருடையில் கரியிருந்தால் அம்பத்தூர்,
அதுவும் இரண்டு வண்டி மாறி.
கையில் மல்லாட்டைப் பொட்டலமும்
முகத்தில் அவசரமின்மையும் இருந்தால்
வண்டலூர்.
எக்ஸ்ரே கவரோடு குழந்தை வந்தால்
எழும்பூர்.

ஜரீனாவுக்கு வாய் திறந்த வேலையே இல்லை.
மூன்று வருஷமாகப் புதன்கிழமை தோறும்
ஒன்றரை, ரிட்டர்ன், எழும்பூர்.
அரை டிக்கெட் ஆப்ரீனுக்கு,
தலையில் எப்போதும் ஊதாக் குல்லா.

போன ஞாயிறு காலை வந்தார்கள்.
கிழமையைக் கவனிக்காமல்
விரல் எழும்பூரைத் தொட்டுவிட்டது.
சீட்டு வெளியே வந்தபிறகுதான் பார்த்தார்:
கையில் கவர் இல்லை.
குல்லா இல்லை.
ஒரு விரற்கடை முடி,
ஆட்டுக்குட்டிக்கு முளைத்தாற்போல்.

“அண்ணே, இன்னிக்கு அங்க இல்ல.
பீச்.”

எழும்பூரை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
அதற்குக் காசு கேட்கவில்லை.
“பீச்சுல இறங்கினா கடல் வராதும்மா.
ஹார்பர் மதில்தான் வரும்.
அங்க மாறி வேளச்சேரி வண்டி ஏறு.”
பிறகு, கொஞ்சம் தேடி,
வழக்கமாகப் போகாத பக்கத்துக்குத் திரையைத் தள்ளித்
தொட்டார்:
கலங்கரை விளக்கம்.
ஒன்றரை.
ரிட்டர்ன்.

மாலை ஆறு ஐம்பது லோக்கலில் இறங்கினார்கள்.
ஆப்ரீன் நேராகப் போய்
புதைந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.
நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்த இத்தனை வருஷத்தில்
அந்த பெஞ்சு ஒருத்தருக்கு
அளவாக இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.
பாதம் இரண்டும் தரையில் சரியாகப் பதிந்தன.
ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தாள்.
பதினொரு மீட்டர் உயரத்தில்
ஒரு கைப்பிடிக் கடற்கரை.

அம்மா அதட்டினாள்.
ஒலிபெருக்கி, தாம்பரம் செல்லும் அடுத்த வண்டிக்காக
மூன்று மொழியில் வருந்தியது.

தேவசகாயம் ஸ்டூலை மடக்கிவிட்டுப்
பையிலிருந்த சீட்டை எடுத்து
விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.
ஒரு மணி நேரத்துக்குள்
பயணத்தைத் தொடங்க வேண்டும் என்றிருந்தது.
எழும்பூர் செல்லாமல் போய்
ஒன்பது மணி நேரமாகியிருந்தது.